நமது பங்கு நமது பெயரிலேயே இருக்கட்டும்



சம்பளம், வேலைநாள், கொழுந்து நிறை, லயத்துக் கூரை என்று நமது சங்கப் பத்திரிகை பேசாத மாதமே இல்லை. பேசித்தான் ஆகவேண்டும். இந்த மாதம் நாம் எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒரு விடயம். நம்மில் வயதானவர்கள் பலரின் டிரங்குப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழுக்கும் பழைய ரேஷன் கூப்பனுக்கும் நடுவில், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கடதாசி கிடக்கிறது. அது கம்பனிப் பங்குச் சான்றிதழ். அதைச் சிலர் தேயிலைக் கம்பனி கொடுத்த நன்றிக் கடிதம் என்று நினைத்திருக்கிறார்கள். சிலர் எப்போதோ தொலைத்துவிட்டார்கள். இன்னும் சிலர், வீடு தேடி வந்த யாரோ ஒருவரிடம் சில நூறு ரூபாவுக்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற காலத்தில் அந்தக் கடதாசியை என்ன செய்வது, எங்கே வைப்பது, யாரை நம்புவது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே இன்றைய தலையங்கம்.

இந்தப் பங்கு எப்படி நமக்கு வந்தது?

1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டின் கீழும் நாம் பல வருடங்கள் வேலை செய்தோம். 1992இல் பெரும்பாலான தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, முகாமைத்துவம் தனியாரிடம் போனது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்தக் கம்பனிகளின் பங்குகளும் விற்கப்பட்டன. 51 சதவீதம் கம்பனியை நடத்துவோருக்குப் போனது. 10 சதவீதம் அப்போது வேலையில் இருந்த ஊழியருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது.

இலவசம் என்ற சொல்லை நாம் இரண்டு தடவை யோசித்துத்தான் எழுதுகிறோம். பணம் வாங்காமல் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தத் தோட்டங்களைக் காடு வெட்டி, கல்லுடைத்து, கன்று நட்டு உண்டாக்கியது நமது பாட்டன் பூட்டன். ஆகவே அது யாரும் போட்ட பிச்சை அல்ல, நாலைந்து தலைமுறை உழைப்புக்குக் கிடைத்த மிகச் சிறிய ஒரு துண்டு. சிறிய துண்டு என்பதற்காக அதை எறிந்துவிட முடியாது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழேயே தொடர்ந்து இருந்த தோட்டங்கள் தனியார்மயம் ஆகவில்லை. அங்கே வேலை செய்தவர்களுக்கு இப்படிப் பங்கு கிடைத்திருக்காது. பங்கு ஒதுக்கப்பட்ட பின்னர் வேலையில் பேர் பதிந்தவர்களுக்கும் கிடைத்திருக்காது. ஆகவே "உங்களுக்கும் பங்கு வாங்கித் தருகிறோம், முதலில் ஐயாயிரம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

அன்று பங்கு பெற்றவர்களில் மிக இளையவர்கள்கூட இன்று ஐம்பதை நெருங்கிவிட்டார்கள், அல்லது தாண்டிவிட்டார்கள். பெரும்பாலானோர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். பலர் நம்மோடு இல்லை. ஆகவே இந்த விடயத்தை இன்னும் பத்து வருடம் தள்ளிப் போட்டால், பேசுவதற்கு ஆளே இருக்காது.

கடதாசியில் உள்ள பத்து ரூபா

முதலில் ஒரு பொய்யை உடைப்போம். பழைய சான்றிதழில் ஒரு பங்கு பத்து ரூபா என்று அச்சடித்திருப்பதைக் காட்டி, "இருநூற்றைம்பது பங்குக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா, இந்தாருங்கள்" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தப் பத்து ரூபா பங்கின் இன்றைய விலை அல்ல. அது அன்று பதிவுக்காக எழுதிய முகப்பு விலை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வந்தபின் முகப்பு விலை என்ற முறையே எடுபட்டுவிட்டது. பங்கின் விலை என்பது கொழும்புப் பங்குச் சந்தையில் அன்றைய தினம் அது கைமாறும் விலைதான். அந்த விலையைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சாதாரணதரம் படிக்கும் பிள்ளையிடம் கம்பனியின் பெயரைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

இன்னுமொரு விடயம். சான்றிதழில் உள்ள எண்ணிக்கைதான் இன்றும் உள்ளது என்று நினைக்காதீர்கள். இடைப்பட்ட வருடங்களில் சில கம்பனிகள் ஒரு பங்கைப் பலவாகப் பிரித்திருக்கின்றன. வட்டவளைப் பெருந்தோட்டக் கம்பனியிலிருந்து ஹட்டன் பெருந்தோட்டக் கம்பனி தனியாகப் பிரிந்ததைப் போன்ற மாற்றங்களும் நடந்திருக்கின்றன. ஆகவே கையில் இருப்பது நூறு பங்குக் கடதாசியானாலும், கம்பனியின் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே வேறு எண் இருக்கலாம். பதிவேட்டைக் கேட்காமல் எந்தப் பேச்சுக்கும் போகாதீர்கள்.

எங்கே வைப்பது?

இப்போது பங்குகள் கடதாசியாக விற்கப்படுவதில்லை. மத்திய வைப்புத் தொகுதி, அதாவது சீ.டி.எஸ். என்ற இடத்தில் கணக்கு ஒன்று திறந்து, அதில் பங்குகளைப் பதிந்து வைக்கவேண்டும். இது பங்குச் சந்தைக்குச் சொந்தமான ஓர் அமைப்பு. 1991இல் இருந்து இயங்குகிறது. வங்கியில் பணத்துக்குக் கணக்குப் புத்தகம் இருப்பதைப் போல, பங்குக்கு இது கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் நேரே போய் இந்தக் கணக்கைத் திறக்க முடியாது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பங்குத் தரகு நிறுவனம். மற்றது, பங்குகளைப் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சேவையை நடத்தும் வங்கி. எந்த வழியில் போனாலும் பங்குகள் உங்கள் பெயரிலேயே பதியப்படும். தரகர் பெயரில் அல்ல. ஆகவே நாளைக்கு அந்தத் தரகு நிறுவனம் மூடப்பட்டாலும், சீ.டி.எஸ். கணக்கில் உள்ள உங்கள் பங்கு உங்களுடையதுதான். ஆனால் பங்கை விற்ற பணத்தைத் தரகரிடமே விட்டுவைத்தால் அது வேறு கதை. விற்றவுடன் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட வேண்டும்.

நம்மைப் போன்ற சிறு பங்குக்காரருக்கு எந்த வழி மலிவு? இதை உணர்ச்சியால் அல்ல, கணக்கால் பார்ப்போம்.

கணக்குக்காக, உங்களிடம் 250 பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கு அந்த வருடம் கம்பனி 3 ரூபா பங்கிலாபம் கொடுக்கிறது. மொத்தம் 750 ரூபா. இதில் 15 சதவீதம் வரியாகக் கழிக்கப்படும், அது 112 ரூபா 50 சதம். கைக்கு வருவது 637 ரூபா 50 சதம். இப்போது பங்கைப் பார்த்துக்கொள்வதற்கு ஓர் இடத்தில் வருடத்துக்கு 1,000 ரூபா கட்டணம் கேட்டால் என்ன ஆகும்? வருடா வருடம் 362 ரூபா 50 சதம் நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள். பங்கு இருப்பதே நட்டம். பெரிய முதலாளிக்கு ஆயிரம் ரூபா ஒன்றுமில்லை. நமக்கு அந்த ஆயிரம்தான் பங்கின் முழு வருமானமும்.

ஆகவே முதல் விதி இது: வருடாந்தக் கட்டணம் கேட்கும் எந்தச் சேவையும் சிறு பங்குக்காரருக்கு ஏற்றதல்ல. வங்கிகள் நடத்தும் பொறுப்புச் சேவை பெரும்பாலும் பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கானது. நம் பக்கத்துக்குப் பங்குத் தரகர் வழியே பொருந்தும்.

விற்கும்போது என்ன செலவு?

பங்குச் சந்தையில் சாதாரண அளவிலான ஒரு விற்பனைக்கு வழமையாகக் கழிக்கப்படுவது மொத்தம் 1.12 சதவீதம். இதில் தரகருக்கு 0.64, பங்குச் சந்தைக்கு 0.084, சீ.டி.எஸ்.ஸுக்கு 0.024, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு 0.072, அரசாங்கத்தின் பங்குக் கொடுக்கல்வாங்கல் வரிக்கு 0.30. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

மீண்டும் அதே 250 பங்கு. ஒன்று 60 ரூபாவுக்கு விற்கிறது என்று வைப்போம். 15,000 ரூபா. அதில் 1.12 சதவீதம் 168 ரூபா. கைக்கு 14,832 ரூபா. வீடு தேடி வந்தவர் கொடுக்க முன்வந்தது 2,500 ரூபா. வித்தியாசம் 12,332 ரூபா. "நீங்கள் கொழும்புக்கு அலையவேண்டாம், கடதாசி வேலை எல்லாம் நான் பார்க்கிறேன்" என்ற அந்த இனிப்பான பேச்சின் விலை அவ்வளவு.

ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். சதவீதம் இவ்வளவு என்று சொல்லும் தரகரே, "ஆனாலும் ஒரு விற்பனைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு" என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கலாம். பத்தாயிரம் ரூபா விற்பனைக்கு 1.12 சதவீதம் என்றால் 112 ரூபா. குறைந்தபட்சக் கட்டணம் ஆயிரம் என்றால் பத்தில் ஒன்று போய்விடும். சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

தரகரிடம் போகும்போது, அல்லது தொலைபேசியில் பேசும்போது, பின்வருவனவற்றைத் தமிழிலேயே கேளுங்கள். பதிலை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குத் திறக்க எவ்வளவு? வருடத்துக்கு எவ்வளவு? பழைய கடதாசிச் சான்றிதழைக் கணக்கில் சேர்ப்பதற்கு ஏதும் அறவிடுகிறீர்களா? ஒரு விற்பனைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா? விற்ற பணம் எத்தனை நாளில் என் வங்கிக் கணக்குக்கு வரும்? வேறு தரகரிடம் பங்கை மாற்றவேண்டி வந்தால் அதற்கு எவ்வளவு? படிவம் தமிழில் உண்டா, தமிழில் பேசும் ஒருவர் உண்டா?

இந்த ஏழு கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரே நமக்கு ஏற்ற தரகர். மூன்று இடத்தில் கேட்டு, மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கும்போதே நாலு கடை ஏறி இறங்குகிற நாம், வாழ்நாள் சொத்துக்கு ஒரே கடையில் நின்றுவிடக் கூடாது.

போக்குவரத்தும் செலவுதான். மஸ்கெலியாவிலிருந்தோ பசறையிலிருந்தோ கொழும்புக்குப் போய் வருவதென்றால் பஸ் காசு, சாப்பாடு, கூட வரும் மகனின் ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேரும். இரண்டு தடவை போனால் ஒரு வருடப் பங்கிலாபம் முடிந்துவிடும். ஆகவே கண்டி போன்ற பக்கத்து நகரில் கிளை வைத்திருப்பவரா, தபாலிலும் தொலைபேசியிலும் வேலையை முடிப்பவரா என்று பாருங்கள். 2020இல் இருந்து பங்குச் சந்தையின் கைத்தொலைபேசிச் செயலி வழியாகவே கணக்குத் திறக்கும் வசதியும் வந்திருக்கிறது. வீட்டில் விடயம் தெரிந்த பிள்ளை இருந்தால் அது மலிவான வழி. ஆனால் செயலியின் இரகசிய எண்ணும், தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி எண்ணும் கணக்குக்காரருக்கு மட்டுமே. பேரப்பிள்ளை உதவி செய்யட்டும், பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர், அந்தத் தரகு நிறுவனம் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்றதா என்று பார்க்கவேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் பகிரங்கமானது. பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் அவர் தரகர் அல்ல.

நம் பெயர், நம் விலாசம்

நகரத்தில் உள்ளவருக்கு இந்த வேலை ஒரு நாளில் முடியும். நமக்கு முடியாது. அதற்குக் காரணம் நமது கவலையீனம் அல்ல, நமது வரலாறு.

பங்கு ஒதுக்கப்பட்ட காலத்தில் நம்மில் பலரிடம் அடையாள அட்டையே இருக்கவில்லை. 1988இன் சட்டமும் 2003இன் சட்டமும் வந்த பிறகுதான் நாடற்றவர் என்ற பெயர் நம் மக்களை விட்டுப் போனது. ஆகவே பழைய சான்றிதழில் இருப்பது செக்ரோல் பெயர். செக்ரோலில் "ராமாயி" என்று இருப்பவர் பிறப்புச் சான்றிதழில் "இராமாயி அம்மாள்" ஆகவும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்திலும் இருப்பார். தகப்பன் பெயர் முன்னால் வரும், அல்லது வராது. ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இந்தப் பெயர்களெல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நிரூபிக்காமல் கடதாசிப் பங்கு கணக்குக்குள் போகாது.

இதற்குச் செய்யவேண்டியது என்ன? முதலில் கம்பனியின் செயலாளருக்கோ பங்குப் பதிவாளருக்கோ ஒரு கடிதம். கம்பனியின் வருடாந்த அறிக்கையில் அவர்களது விலாசம் இருக்கும். சான்றிதழ் இலக்கம், தோட்டம், பிரிவு, செக்ரோல் இலக்கம் ஆகியவற்றை எழுதி, எனது பெயர் பதிவேட்டில் எப்படி இருக்கிறது, எத்தனை பங்கு, கொடுக்கப்படாத பங்கிலாபம் ஏதும் உண்டா என்று கேட்கவேண்டும். பதில் வந்தபின், பெயர் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். சான்றிதழ் தொலைந்திருந்தாலும் மனம் தளரவேண்டாம். பதிவேட்டில் பெயர் இருந்தால், மாற்றுச் சான்றிதழ் கேட்க வழி உண்டு.

அடுத்தது விலாசம். வதிவிடத்தை நிரூபிக்க மின்சாரப் பட்டியல் கொண்டுவாருங்கள் என்பார்கள். லயத்துக் காம்பராவுக்கு நம் பெயரில் எங்கே பட்டியல்? இங்கும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழே கைகொடுக்கும். நமக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது நமக்குத் தெரிந்த கதைதான். பங்கிலாபக் காசோலை ஆறு மாதம் மேசையில் கிடந்தால் அது காலாவதி ஆகிவிடும். ஆகவே கணக்குத் திறக்கும்போதே வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து, பங்கிலாபம் நேரே வங்கிக்கு வரும்படி செய்துகொள்ளுங்கள். காலாவதியான காசோலை கையில் இருந்தால் எறியாதீர்கள். அதைக் காட்டி மீண்டும் தரும்படி கம்பனியைக் கேட்கலாம்.

ஊழியர் சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளி பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறோமே, அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அந்தப் பத்திரம் அந்த நிதிக்கு மட்டும்தான். பங்குக்குச் செல்லாது. பங்குக்காரர் இறந்தபின் பிள்ளைகள் அதைத் தம் பெயருக்கு மாற்றுவது நீண்ட வேலை. சட்டத்தரணிக்குக் கொடுக்கும் தொகை பங்கின் பெறுமதியைத் தாண்டிவிடவும் கூடும். ஆகவே பங்குக்காரர் உயிரோடு இருக்கும்போதே கணக்கை ஒழுங்கு செய்துவிடவேண்டும். கணவன் மனைவியாக, அல்லது தாயும் மகளுமாகக் கூட்டுக் கணக்குத் திறக்கவும் இடமுண்டு. ஒருவர் காலமானால் மற்றவருக்கு எப்படிப் போகும் என்பதைத் தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வைத்திருப்பதா, விற்பதா?

இதைச் சங்கம் உங்களுக்காக முடிவு செய்யாது. யோசிக்கவேண்டியவற்றை மட்டும் சொல்வோம்.

நாம் வேலை செய்த கம்பனியின் பங்கு என்பதால் அதன்மேல் ஒரு பாசம் இருக்கும். ஆனால் பங்கின் தலைவிதி தேயிலை விலை, இறப்பர் விலை, மழை, அரசாங்கத்தின் முடிவு ஆகியவற்றின் கையில் இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது கொழுந்து எப்படி விழுந்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கம்பனிகளிடம் உள்ள காணியும் அவற்றின் சொந்தக் காணி அல்ல. 1992இல் தொடங்கிய 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. அதற்குப் பின் என்ன என்பது அன்றைய அரசாங்கத்தின் கையில்.

மறுபக்கமும் உண்டு. 2022இல் சாமான் விலை ஒரே வருடத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் ஏறியபோது, வங்கிப் புத்தகத்தில் தூங்கிய காசு பாதியாகத் தேய்ந்ததையும் பார்த்தோம். ஆகவே காசு மட்டுமே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது.

நமது கருத்து இதுதான். வட்டிக்குக் கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்து, மருந்துக்கு அலைந்துகொண்டு, பெட்டியில் பங்கை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. மாத வட்டி எந்தப் பங்கிலாபத்தையும் விழுங்கிவிடும். அப்படியானவர் சந்தை விலைக்கு, முறையான தரகர் மூலம், தேவையான அளவை விற்கலாம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் விற்கவேண்டும் என்றில்லை. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கையில் இருந்து, அவசரம் இல்லாதவர், செலவில்லாத கணக்கில் பங்கைப் போட்டுவைத்துவிட்டு, வருடா வருடம் பங்கிலாபம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் பொருந்தாத ஒன்று உண்டு. கணக்குத் திறந்த கையோடு, "கடனுக்குப் பங்கு வாங்கலாம், விற்று விற்று வாங்கினால் இலாபம்" என்று தரகர் சொன்னால், வேண்டாம் என்று எழுந்து வாருங்கள். ஒவ்வொரு வாங்கலிலும் விற்றலிலும் அவருக்குக் கட்டணம் வரும். நமக்கு வருவது நிச்சயமில்லை. வெற்றுப் படிவத்திலோ, அற்றோணித் தத்துவப் பத்திரத்திலோ ஒருபோதும் கையெழுத்தும் கைநாட்டும் வைக்கவேண்டாம்.

இது சங்கத்தின் வேலையா?

பங்கு, தரகர், சந்தை என்பதெல்லாம் முதலாளிமார் விவகாரம், தொழிற்சங்கம் சம்பளத்தைப் பேசட்டும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது. சில நூறு பங்கைக் காட்டி, "நீங்களும் கம்பனிக்குச் சொந்தக்காரர்தானே, சம்பளம் ஏன் கேட்கிறீர்கள்" என்று பேசுவோரை நாமும் கேட்டிருக்கிறோம். பங்கு சம்பளத்துக்குப் பதில் அல்ல. ஆயிரம் பங்கு இருந்தாலும் நாட்சம்பளப் போராட்டம் நின்றுவிடாது.

ஆனால் நமக்கு உரித்தான ஒன்றை அறியாமையினால் இழப்பது வர்க்க உணர்வு ஆகாது. இழந்த பங்கு காற்றில் கரைவதில்லை. அது யாரோ ஒருவர் கணக்கில் போய்ச் சேருகிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரேயொரு பங்கு வைத்திருக்கும் கொழுந்துக்காரிக்கும் கம்பனியின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வரவேண்டும். அவள் போகலாம், கேள்வி கேட்கலாம், தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம். பெரட்டுக் களத்தில் துரையிடம் கேட்க முடியாத கணக்கை அங்கே பணிப்பாளர் சபையிடம் கேட்க முடியும். அந்தக் கதவு பதிவேட்டில் நமது பெயர் சரியாக இருக்கும் மட்டும்தான் திறந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியையும் நாம் கேட்டுக்கொள்வது இது. உங்கள் தோட்டத்தில் பங்கு பெற்றவர்களின் பெயர்களை, காலமானவர்களையும் சேர்த்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். சான்றிதழின் பிரதியை மட்டும் எடுங்கள். மூலத்தைக் கமிட்டித் தலைவர் உட்பட யாரும் வாங்கி வைக்கக்கூடாது. அது அவரவர் வீட்டிலேயே இருக்கவேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஒரே தரகரிடம் பலர் சேர்ந்து போகும்போது, தோட்டத்துக்கே வந்து படிவம் நிரப்பித் தரும்படி கேட்கலாம். தனியாகப் போகும் ஒருவரின் பஸ் காசு இப்படி மிச்சமாகும். இந்த உதவிக்குச் சங்கத்தின் பெயரால் யாரும் ஒரு சதமும் வாங்கக்கூடாது. கேட்டால் உடனே மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

கம்பனிகளிடம் நமது கோரிக்கையும் எளிமையானது. ஊழியர் பங்குக்காரரின் பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு தோட்டக் காரியாலயத்திலும் ஒட்டுங்கள். கொடுக்கப்படாமல் கிடக்கும் பங்கிலாபம் யார் யாருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். செக்ரோல் பெயருக்கும் அடையாள அட்டைப் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை உறுதிசெய்ய, உங்களிடமே உள்ள செக்ரோலை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை எழுதியது உங்கள் காரியாலயம். திருத்தும் செலவை ஓய்வுபெற்ற தொழிலாளியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பங்குச் சந்தையிடமும் தரகர்களிடமும் கேட்பது, படிவங்களும் அறிக்கைகளும் தமிழில் வேண்டும், சிறு பங்குக்காரருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்ற பேச்சே இருக்கக்கூடாது என்பதுதான்.

தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெரியவர்களின் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடதாசி இருந்தால் மடிப்பைப் பிரித்து, கம்பனியின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அதுவரை யார் வந்து என்ன விலை சொன்னாலும், எந்தக் கடதாசியிலும் பெருவிரலை வைக்கவேண்டாம்.